ஜோஸ்பின் அக்காவைப் பற்றி நான் ஆங்கிலத்தில் எழுதியது

ஜோஸ்பின் அக்காவின் பெயரை நான் மாற்றவில்லை. "எம் பேர மாத்தாத. அந்தப் பொண்ணு பேர மட்டும் மாத்திப்புடு. தமிழ்லியே எழுது, நாலு பேரு படிக்கட்டும்" என்று அவரே சொன்னார். அதனால் இதில் சரண்யா என்று வருகிறவருக்கு ஊரில் வேறு பெயர். மற்றதெல்லாம் நடந்தபடியே இருக்கும். நான் செய்ததும் அப்படியே இருக்கும்.

அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. பாகூர் ஏரிக்குக் கிழக்கே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிற எங்கள் பள்ளிக்கூடத்தில் அவருக்குக் குடும்பத் தொடர்பாளர் என்று பதவி. அப்படி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'மொபட் அக்கா' என்பார்கள். ஒரு பிள்ளை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வரவில்லையென்றால் மூன்றாம் நாள் காலை அந்தத் தெருவில் மொபட் சத்தம் கேட்கும். சிவப்பு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவேண்டுமா, சாதிச் சான்றிதழுக்குக் கையெழுத்து வேண்டுமா, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் எந்த ஜன்னலில் யார் உட்கார்ந்திருப்பார் என்பது வரை அவருக்குத் தெரியும். வலி எடுத்த ஒரு பெண்ணை மொபட்டில் உட்காரவைத்து அரியூர் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர். "வண்டியிலயே பொறந்திருந்தா டீவியெஸ்னு பேரு வெச்சிருப்போம்" என்று அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் ஒரு வீட்டுக்குள் போகிற விதத்தைப் பல மாதம் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். போனதும் பிள்ளையைப் பற்றிக் கேட்கமாட்டார். எதையாவது கேட்டு வாங்குவார். ஒரு கொத்து கருவேப்பிலை, ஒரு கை முருங்கைக்கீரை. எதுவும் இல்லாத வீடாக இருந்தால் ஒரு சொம்புத் தண்ணீர். "எங்க வூட்டுல கொழம்பே ஓசியிலதாம்மா கொதிக்குது" என்பார். அந்த வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே கொடுத்த பிறகுதான் பேச்சு ஆரம்பிக்கும். கொடுத்த பிறகு அந்தப் பெண்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவதை நான் கவனித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை வந்தார், ஒரு ஃபைல் கொடுக்க. எங்கள் வாசலிலேயே கருவேப்பிலை மரம் நிற்கிறது. எதுவும் கேட்கவில்லை. ஃபைலைக் கொடுத்துவிட்டு, படி ஏறாமலே வண்டியைத் திருப்பினார். அவருடைய அம்மா எங்கள் நிலத்தில் நாற்று நட்டவர். அன்று அதை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன். அக்காவுக்கு ஏதோ அவசரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் அந்தப் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர், கடிதம், வருகைப் பதிவு. அதிகம் பேசமாட்டேன். மேசை டிராயரில் எப்போதும் ஒரு கவிதைப் புத்தகம் இருக்கும். என் ஜன்னலுக்கு நேர் எதிரே சாப்பாட்டுக் கொட்டகை. காலை எட்டரைக்குப் பிள்ளைகளுக்கு அங்கே தட்டு வைப்பார்கள். வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள்தான் பாதிக்குமேல். அந்தச் சாப்பாடு, மாலை வகுப்பு, அம்மாக்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவது, அக்காவின் சம்பளம், எல்லாமே வெளியிலிருந்து வருகிற நிதியில் நடப்பவை. அரசாங்கப் பள்ளியில் கிடைப்பது இங்கே தானாகக் கிடைக்காது. நாங்கள் எழுதிக் கேட்கவேண்டும்.

சரண்யா தினமும் காலையில் தன் மகனோடு வருவார். மகன் இரண்டாம் வகுப்பு. தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுவார். தானே சாப்பிடத் தெரிந்த பையன். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பெற்றோர் கொட்டகைக்குள் வரக்கூடாது என்று ஒரு தாள் அடித்து, ஒட்டுவதற்கு எடுத்துக்கொண்டு போனேன். ஜோஸ்பின் அக்கா வழியில் பார்த்துவிட்டார்.

"இன்னா தம்பி இது?"

"அந்தப் பையனுக்குத் தானாச் சாப்பிடத் தெரியும்க்கா. அவங்க வந்து கெடுக்கறாங்க."

அக்கா தாளை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"அவ ஊட்டறத மட்டுந்தான் பாத்தியா? நடுவுல ரெண்டு வாயி அவ வாய்க்குப் போவுது. அதப் பாக்கலியா?"

நான் பார்த்ததில்லை. தினமும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறவன்.

"நானும் அப்டி உக்காந்தவதான். எம் புள்ள அருளு ரெண்டாவது படிக்கறப்ப. அவங்கப்பன் திருப்பூருக்குப் போயி ஆளக் காணோம். எனக்கு வயித்துல நெருப்பு வெச்சாப்பல பசி எடுக்கும், காலையில. இதே எடந்தான். புள்ளைக்கு ஊட்ற மாரி ஊட்டிக்கினு, நாலு வாயி அவனுக்கு, ரெண்டு வாயி எனக்கு. அருளுக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. நீ நோட்டீச ஒட்டுனா அவ நாளையிலேருந்து வரமாட்டா. அதுக்குத்தான் சொல்றேன், வேற எதுக்கும் இல்ல."

நான் தலையாட்டினேன். நோட்டீசை ஒட்டவில்லை. அதோடு அது முடிந்திருக்கவேண்டும்.

பழைய நிதி மார்ச்சோடு முடிகிறது என்று டிசம்பரில் தாளாளர் புவனேஸ்வரி மேடம் என்னைக் கூப்பிட்டார். பெங்களூரில் ஒரு அறக்கட்டளை, பிள்ளைகளோடு குடும்பங்களுக்கும் சேர்த்து வேலை செய்கிற பள்ளிகளுக்கு மூன்று வருடத்துக்கு நிதி தருகிறதாம். ஆன்லைன் விண்ணப்பம். இருபத்திரண்டு கேள்விகள். பத்தொன்பதாவது கேள்வி: உங்கள் பள்ளியால் மாறிய ஒரு குடும்பத்தின் கதையை முந்நூறு வார்த்தைகளில் எழுதுக.

"நீதான் கவிதையெல்லாம் படிக்கறியே. இத நீ எழுது" என்றார் மேடம்.

நான் அக்காவின் கதையை எழுதினேன். பெயர் போடவில்லை. 'ஒரு தாய்' என்று எழுதினேன். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. ஆங்கிலத்தில்தானே எழுதுகிறேன், பெங்களூரில் யாரோ படிப்பார்கள், நம் ஊரில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். தமிழில் எழுதியிருந்தால் முதல் வரியிலேயே கை நின்றிருக்கும். ஆங்கிலத்தில் அந்தப் பசி யாருடையதோ மாதிரி இருந்தது. தட்டில் உப்புமா இருந்ததாகவும் அதில் கண்ணீர் விழுந்ததாகவும் எழுதினேன். அக்கா இரண்டையுமே சொல்லவில்லை. கடைசி வரியாக, தாயின் பசி மகனின் தட்டில் தன் ரேகைகளை விட்டுச் சென்றது என்று வைத்தேன். அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரவு படுத்துக்கொண்டு அதை மூன்று முறை சொல்லிப் பார்த்தேன்.

பிப்ரவரியில் பதில் வந்தது. கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். சனிக்கிழமை இரண்டு பேர் நேரில் வருவார்கள், பெற்றோர் கூட்டம் நடத்தவேண்டும், அதற்குமுன் விண்ணப்பத்தின் சுருக்கம் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரவேண்டும், ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் எதுவும் செய்வது எங்கள் வழக்கமில்லை என்று எழுதியிருந்தார்கள். சுருக்கத்தை அவர்களே தமிழில் மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார்கள். நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் கட்டம் போட்டு அந்தக் கதை. 'தாயின் பட்டினியானது மகனின் தட்டில் கைரேகைகளை விட்டுச்செல்கிறது' என்று முடிந்தது.

புதன்கிழமை பாகூரில் நூற்றைம்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்தேன். எடுத்துக்கொண்டிருக்கும்போது மூன்றாம் பக்கத்தை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. மேடத்திடம் காரணம் சொல்லவேண்டும். பெயர் இல்லையே, ஒன்றும் ஆகாது என்று எல்லாவற்றையும் பின் அடித்தேன். வியாழக்கிழமை காலை தாள்கட்டை அக்காவின் கையில் கொடுத்தேன். வீடு வீடாகக் கொடுக்கிறவர் அவர்தான்.

"படிச்சுப் பாருங்கக்கா" என்று சொல்ல நினைத்தேன். "நூத்தம்பது இருக்குக்கா" என்றேன்.

"எம்மாம் பேப்பரு! இத வெச்சே ரெண்டு வாரம் அடுப்பு பத்தவெக்கலாம்" என்று பைக்குள் திணித்துக்கொண்டு போனார். அவர் படிக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் தன் கதையைத் தன் கையாலேயே நூற்றுக்கும் மேலான வீடுகளில் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சரண்யா வரவில்லை. மகனும் வரவில்லை. மூன்றாம் நாள் வரை காத்திருக்காமல் பதினொரு மணிக்கே அக்கா வண்டியை எடுத்தார். கூட்டத்துக்கு வருகிறவர்கள் பட்டியலுக்காக நானும் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். தெருமுனையில் திரும்பும்போதே சரண்யா வாசலில் நிற்பது தெரிந்தது. நாங்கள் வருவோம் என்று தெரிந்து நிற்பது மாதிரி.

"சரண்யா, ஒரு சொம்பு தண்ணி குடு" என்றார் அக்கா.

"தண்ணியெல்லாம் இல்ல." சரண்யாவின் கையில் அந்தத் தாள் சுருட்டியிருந்தது. "இன்னாக்கா, நான் ரெண்டு வாயி துன்னதுக்கு நோட்டீஸ் அடிச்சிக் குடுப்பீங்களா? ஊரு பூரா?"

"இன்னாடி சொல்ற?"

"படிக்கத் தெரியாதா? நீதான குடுத்துட்டுப் போன? கைரேகையாம்! நான் இன்னா திருடியா, கைரேகை வெச்சுட்டுப் போவ? எம் மாமியாரு காத்தாலேருந்து கேட்டுக்கினே கீது, எங்க வூட்டுல சோறு இல்லன்னா ஊருல கையேந்துறன்னு."

உள்ளேயிருந்து மாமியார் மணியம்மாளின் குரல் வந்தது. "அங்க இன்னாடி பேச்சு? போட்டோ புடிக்க வந்துட்டாங்களா?" எதிர் வீட்டில் இரண்டு பெண்கள் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா தாளை வாங்கினார். தெருவில் நின்றபடி மூன்றாம் பக்கத்தைப் படித்தார். உதடு அசைய, ஒவ்வொரு வரியாக. நான் வண்டியின் பின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படித்து முடித்ததும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அடையாளம் தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"இது நீ இல்ல சரண்யா."

"அப்பறம் யாரு? சொல்லு. தெனம் வந்து உக்கார்றவ நான் ஒருத்திதான். வேற யாரு?"

அக்கா தாளை மடித்துப் பையில் வைத்தார். "புள்ளைய அனுப்பு" என்றார்.

"அனுப்பமாட்டேன். இதுக்கு மேல அவன் அந்தத் தட்டுல கை வெக்கமாட்டான். எங்கம்மா வூட்டாண்ட சேத்துக்கறேன்" என்று சரண்யா கதவைச் சாத்தினார்.

திரும்பி வரும்போது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினார். இறங்கச் சொன்னார். இறங்கினேன்.

"நான் உங்கிட்ட எதுக்குத் தம்பி சொன்னேன்?"

நான் ஏரிப் பக்கம் திரும்பினேன்.

"கேக்கறேன் இல்ல. எதுக்குச் சொன்னேன்?"

"நோட்டீஸ் ஒட்டக்கூடாதுன்னு."

"ம். நீ நூத்தம்பது நோட்டீசு ஒட்டிட்ட."

நான் யோசித்துச் சொன்னேன். "நாளைக்குக் கூட்டத்துல நானே சொல்லிடறேங்க்கா. அது கற்பனை, நானா எழுதுனதுன்னு."

"சொல்லு. வந்தவங்க, பொய்யி எழுதிக் குடுத்திருக்காங்கன்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க. ஏப்ரல்லேருந்து காலையில யாரு சோறு போடுவா, நீயா?" வண்டியை ஸ்டாண்ட் போட்டார். "ஒண்ணும் சொல்லலன்னா அந்தப் பொண்ணுதான்னு ஊரே முடிவு பண்ணிக்கும். புள்ளையும் வராது." அப்புறம் தனக்குத்தானே சொல்வது மாதிரி சொன்னார். "நாளைக்கு மைக் செட்டுக்கு அருளு வேற வரான்."

அருள்தாஸ் இப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். விடுமுறை நாட்களில் வில்லியனூரில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரோடு வேலைக்குப் போவான். எங்கள் பள்ளி விழாக்களுக்கு அவன்தான் மைக் கட்டுவான். பாதி வாடகைதான் வாங்குவான்.

சனிக்கிழமை பந்தலில் கூட்டம் நிறைந்திருந்தது. பெங்களூரிலிருந்து ஒரு அம்மாவும், அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒருவரும் வந்திருந்தார்கள். அருள் மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்திருந்தான். நான் அவனுக்குப் பின்னால், கம்பத்தை ஒட்டி. சரண்யா வரவில்லை. மணியம்மாள் வந்து மூன்றாவது வரிசையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வந்த அம்மா நல்லவர். அந்தக் கதையைப் படித்துத் தான் அழுததாகச் சொன்னார். அந்தத் தாய்க்கு வணக்கம் என்று கைகூப்பினார். அது தமிழில் சொல்லப்பட்டதும் தலைகள் எல்லாம் மணியம்மாள் பக்கம் திரும்பின. "அவ மருமவதான்" என்று யாரோ சொன்னது எனக்கே கேட்டது. மணியம்மாள் செருப்பைத் தேடினார்.

அப்போது ஜோஸ்பின் அக்கா எழுந்தார். மேடைக்குப் போகவில்லை. கீழே நின்றபடியே மேடத்தின் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். அந்த நோட்டீசுல மூணாம் பக்கத்துல கீறது நான். வேற யாரும் இல்ல. யாரையும் தேடாதீங்க. மணியம்மா, உக்காரு."

மணியம்மாள் உட்கார்ந்தார்.

"பத்துப் பன்னெண்டு வருசம் ஆவுது. எம் புள்ளைக்கு ஊட்ற மாரி உக்காந்து நானும் துன்னேன். தெனமும் துன்னேன். தட்டுல கண்ணீர் வுழுந்துச்சின்னு போட்டிருக்கு, அது பொய்யி. இருக்கறதே ரெண்டு வாயி, இதுல அழுதுகினு இருந்தா எப்பத் துன்றது?"

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. அக்காவும் சிரித்தார். அவர் கை மட்டும் மைக்கை இறுக்கிப் பிடித்திருந்தது.

"மத்ததெல்லாம் நெசம். இந்தப் பள்ளிக்கூடம் என்ன ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா மறுநாள் வந்திருக்கமாட்டேன். அவ்ளதான்."

அவர் ஒருமுறைகூட ஆம்ப்ளிஃபயர் பக்கம் பார்க்கவில்லை. நான் அருளின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கை வால்யூம் திருகின்மேல் இருந்தது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பெங்களூர் அம்மா கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அக்கா அதற்குள் உட்கார்ந்து, பையில் எதையோ தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

நான் எழுந்து, கேட்காமல் எழுதியவன் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். மைக்கிலிருந்து நாலடி தூரத்தில் இருந்தேன். சொல்லவில்லை. மேடம் நன்றி சொல்லும்போது, இந்த விண்ணப்பத்தை அழகாக எழுதிய தம்பி கலைவேந்தன் என்று என் பெயரைச் சொன்னார். எனக்கும் கைதட்டினார்கள்.

எல்லோரும் போனபிறகு அருள் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தேன். அவனிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று நின்றேன். அவன்தான் முதலில் பேசினான்.

"அண்ணே, உப்புமான்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"பொங்கலுண்ணே. உப்புமா போட்ட அன்னிக்கி அம்மா துன்னாது, அதுக்குப் புடிக்காது. பொங்கலன்னிக்கிதான்." ஒயரை முடிச்சுப் போட்டு வண்டியில் வைத்தான். "அதனால பொங்கலன்னிக்கி நான் மெதுவாத் துன்னுவேன்."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தப்பாக எழுதிய ஒரு விவரத்தைத் திருத்துகிறவன் மாதிரிதான் சொன்னான். பிறகு பந்தலுக்குள் போய், "யம்மா, வூட்டுக்குப் போலாம் வா, வெயிலு ஏறிச்சு" என்று கூப்பிட்டான். அக்கா மொபட்டை அவனிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டு போனார். அன்றுதான் அவர் பின் சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்தது.

சாயங்காலம் அக்கா சரண்யா வீட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. திங்கட்கிழமை பையன் வந்தான்.

ஒரு மாதம் கழித்து நிதியும் வந்தது. மூன்று வருடத்துக்கு. மேடம் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அக்கா தன் லட்டைப் பாதியாகப் பிட்டு, ஒரு பாதியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதைச் சாப்பிட எனக்கு வெகுநேரம் ஆனது.

இன்று காலை எட்டரைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சரண்யா மகனைக் கேட் வரை கொண்டுவந்து விட்டார். கூட்டத்துக்குப் பிறகு அவர் கொட்டகைக்குள் வருவதில்லை. எப்போதாவது வந்துகொண்டிருந்த மற்ற அம்மாக்களும் வருவதில்லை. நான் எழுந்து கேட்டுக்குப் போனேன். இப்படி எழுந்து போவதற்கே எனக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.

"உள்ள வாங்க. பையன்கூட உக்காருங்க" என்றேன்.

"பரவால்ல சார்" என்றார் சரண்யா. "நான் வூட்டுல சாப்ட்டுத்தான் வந்தேன்."

சாப்பிட்டாரா என்று நான் கேட்கவேயில்லை. அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கரும்புக் கொல்லை வழியாக வேகமாக நடந்தார். கொட்டகையில் அவர் மகன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டையே பார்த்தபடி, மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.